கப்பலேறியவர்களும் கேட்கப்படாத கேள்விகளும்

மன்னர் குடியின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டது. குடியானவர் வீட்டு வரலாறோ பாட்டிமார் நினைவிலும், பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியிலும் அடங்கிவிடுகிறது. அதனை எழுத முற்படுவோன் பிறர் உதவியின்றி ஓரடியும் நகர இயலாது. உதவி கேட்கும் முறை அறியாமல் நான் இழந்த ஒன்றைப் பற்றியும், அதன்பின் கற்றவை பற்றியும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் எழுதுவது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பம். முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் பூமி. எங்கள் வீட்டில் தைப் பொங்கலையொட்டி முன்னோருக்குப் படைக்கும்போது, வரிசையின் ஓரத்தில் தனியே ஓர் இலை போடுவர். அதற்குக் 'கப்பல் தாத்தா இலை' என்று பெயர். அவர் என் பாட்டியின் பெரியப்பா. பாட்டி பிறக்கும் முன்பே கப்பலேறிப் போனவர். எங்கே, எந்த நாளில் இறந்தார் என்பது தெரியாமையால் அவருக்குத் திதி இல்லை. ஆகவே அந்த இலை.

இளமையில் நான் பாட்டியிடம் பன்முறை கேட்டதுண்டு: "அவர் எந்தத் தேசத்துக்குப் போனார்?" ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான்: "அது யாருக்குடா தெரியும்?" ஒருநாள் இதனைத் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த முதிய கணக்குப்பிள்ளை ஒருவர், "தேசத்தைக் கேட்டால் அந்த அம்மாள் என்ன சொல்வார்? அவர் தேசத்தைப் பார்த்தாரா? வீட்டில் நடந்ததைக் கேள் தம்பி" என்றார். அதன்பின் கேள்வியை மாற்றினேன். பெரியப்பா போனபோது உங்கள் அப்பாவுக்கு என்ன வயது? பிறகு காகிதம் வந்ததா? அதை யார் படித்துச் சொன்னார்? பாட்டி சொல்லத் தொடங்கினார். அப்பா அப்போது மாடு மேய்க்கும் பையன்; ஒரே ஒரு காகிதம் வந்தது; அதைப் படித்த வாத்தியார் 'நேட்டால்' என்று சொன்னாராம்; பெரியப்பாவின் இடப்புருவத்தில் மாட்டுக் கொம்பு கிழித்த தழும்பு உண்டு என்று அப்பா சொல்லுவார். இருபது ஆண்டுகள் கிட்டாத செய்தி ஒரு மாலைப்பொழுதில் கிட்டியது.

மகிழ்ச்சியில் கடல் கடந்த நாட்டுக் காப்பகம் ஒன்றுக்கு உடனே கடிதம் எழுதினேன். பெயர், மாவட்டம், தழும்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டேன். சில மாதங்கள் கழித்துப் பணிவான விடை வந்தது. அம்மாவட்டத்திலிருந்து அப்பெயருடையோர் பலர் வந்துள்ளனர். தந்தை பெயரை எழுதி அனுப்பினால் தேட இயலும் என்றிருந்தது. அதற்குள் பாட்டி காலமாகிவிட்டார். பாட்டியின் பாட்டனாரை வீட்டில் அனைவரும் 'பெரியவர்' என்றே சுட்டி வந்தமையால் அவர் இயற்பெயர் வேறெவருக்கும் தெரியவில்லை. தழும்பைக் கேட்ட நான் தந்தை பெயரைக் கேட்கவில்லை. பிழை என்னுடையதே.

எழுத்தர் கேட்டவை

அக்காப்பகத்தார் ஏன் தந்தை பெயரைக் கேட்டனர் என்பது, கப்பல் பட்டியல்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதை அறிந்தபோதுதான் விளங்கியது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அதனை அடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டன. இப்பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைத் தேடிக் காணும் வகையில் தொகுத்து வைத்துள்ளது.

ஓர் ஊரில் பத்துக் குப்புசாமிகள் இருப்பர். தந்தை பெயரும் கிராமமும் சேர்ந்தால்தான் ஆள் பிரிவான். உடல் அடையாளம் இறுதிச் சான்று. அதைக் கொண்டு தேடலைத் தொடங்க இயலாது. நான் கைப்பிடியை வீட்டில் விட்டுவிட்டு விளக்கின் திரியை மட்டும் எடுத்துச் சென்றவன் ஆனேன்.

அப்பட்டியலைக் கண்ணுறுவோர் மற்றொன்றையும் காண்பர். எழுத்தர் கேட்டவை மட்டுமே இன்று நம்மிடம் உள்ளன. தாயின் பெயருக்கு அங்கே பத்தி இல்லை. குலதெய்வத்துக்கு இடமில்லை. ஏன் ஊரைவிட்டுப் புறப்பட்டாய், வீட்டில் யாரை விட்டு வந்தாய் என்று அவர் கேட்கவில்லை; ஆதலின் அவ்விடைகள் கடலோடு போயின. வடு, மச்சம், பச்சைக் குத்து ஆகியவற்றை அவர் கேட்டார்; அவை நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றன. கேள்வி எவ்வளவோ அவ்வளவே வரலாறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

எந்த நாடு என்பது தெரிந்தால்தான் எவரைக் கேட்பது என்பதும் தெளிவாகும். மொரீஷியசு தீவுக்கு 1834 முதல் சுமார் நாலரை லட்சம் இந்தியர் சென்றனர். அவர்தம் குடிவரவுப் பதிவேடுகளும், பிற்காலத்தோரின் புகைப்படங்களும் அந்நாட்டு மோக்கா நகரில் 1970-இல் தோற்றுவிக்கப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் ஆட்கள் சென்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்றோரைப் பற்றி அறியப் பிரெஞ்சு ஆவணங்களையே நாடவேண்டும்; அவற்றுள் பல பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் வழிச் சென்றோருக்கு இத்தகைய ஆள்வாரிப் பட்டியல் அரிது. அங்கே தோட்டத்தின் பெயரே முதல் தடயம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசு நடவடிக்கைக் குறிப்புகள் மலைபோல் குவிந்துள்ளன. துறையும் ஆண்டும் சொல்லாமல், "என் தாத்தாவைப் பற்றி ஏதேனும் உண்டா?" என்று கேட்பவருக்கு ஊழியர் எதை எடுத்துத் தருவார்?

பெயரும் ஊரும்

கடல் கடந்த தமிழர் வழித்தோன்றல்கள் இன்று நம் ஊர்களைத் தேடிக் கேட்கின்றனர். அவர்கள் கேட்கும் முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தென்னாப்பிரிக்காவில் 'படையாச்சி' என்பது குடும்பப் பெயர். 'மூட்லி' என வழங்குவது முதலி என்பதன் திரிபு. அங்கிருந்து ஒருவர், "படையாச்சி குடும்பத்தார் உங்கள் ஊரில் இருக்கிறார்களா?" என்று கேட்டால், தென்னாற்காட்டுக் கிராமத்தான் சிரிப்பான், ஊரில் பாதிப்பேர் அவர்களே. குவாதலூப் தீவில் இந்தியர்தம் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற ஹென்றி சிதம்பரம் என்பாரின் பெயரைக் கேட்போர் அதனை ஊர்ப்பெயர் என எண்ணக்கூடும். நம் நாட்டில் அது ஆள்பெயரும் ஆம். பட்டப்பெயர், தந்தை பெயர், சொந்தப் பெயர் ஆகிய மூன்றும் கடலுக்கு அப்பால் குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. நம் பக்கத்தில் தேட வேண்டுமாயின் 'இன்னார் மகன் இன்னார்' என்னும் வாய்பாட்டுக்கு அதனை மீட்டெடுக்க வேண்டும்.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. ஆங்கில எழுத்தர்கள் சிதம்பரத்தைச் 'சில்லம்ப்ரம்' என்றெல்லாம் எழுதினர். பட்டியலில் 'குப்பம்' எனக் கண்டவுடன் கடற்கரை மீனவர் ஊர் என முடிவு செய்வோர் உளர். உள்நாட்டிலும் சிற்றூர்களைக் குப்பம் என்பது எங்கள் பகுதி வழக்கு. முத்தாண்டிக்குப்பத்தில் கடலலை கேட்பதில்லை. 'முத்தாண்டி' என்னும் சொல் பெயர்ப் பத்தியில் வந்தால் ஆள்; கிராமப் பத்தியில் வந்தால் பாதி எழுதி விடப்பட்ட எங்கள் ஊராகவும் இருக்கலாம். ஆகவே பிறரிடம் கேட்போர் தாம் கண்ட எழுத்தைத் திருத்தாமல் உள்ளவாறே காட்டுதல் வேண்டும். திருத்தும் வேலை ஊராருடையது.

எல்லைகளும் இடம் மாறின. பட்டியல் கூறும் தென்னாற்காடு ஜில்லா இன்றைய கடலூர் மாவட்டம் மட்டுமன்று. 1906-இல் வெளிவந்த பிரான்சிசின் கெஜட்டியரில் திருவண்ணாமலையும் அதன் தாலுகாக்களில் ஒன்று. 1993-இல் மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனியே போயிற்று. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஊரைக் கேட்பவர் வேற்றூர் வாசலில் நிற்பார்.

நம் கையிலுள்ளவை

நெய்வேலிப் பகுதிக்கு இன்னொரு துயரம் உண்டு. இங்கே ஊர்களே இடம் பெயர்ந்தன. 1956-இல் நிலக்கரிக் கழகம் அமைக்கப்பட்டது; 1957 மே 20-ஆம் நாள் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்; 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது; 1962-இல் மின்சாரம் பிறந்தது. தமிழ்நாட்டின் விளக்குகள் எரிய வழி பிறந்தது என்பதில் நமக்குப் பெருமையே. அதற்கென நிலம் தந்த மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் போயினர். பழைய ஊரின் கோயில், குளம், இடுகாடு ஆகியவை இருந்த இடத்தில் இன்று சுரங்கம். டர்பனிலிருந்து ஒருவர் கப்பல் பட்டியலோடு வந்து அத்தகைய ஊரைத் தேடினால், மண்ணைக் காட்ட இயலாது. அம்மண்ணிலிருந்து பெயர்ந்தோரை மட்டுமே காட்ட இயலும்.

ஆயினும் நிலம் எடுக்கப்பட்டபோது எழுதப்பட்ட இழப்பீட்டுத் தீர்ப்புகள் உள்ளன. நில அளவை எண், உரிமையாளர், அவர்தம் வாரிசுகள் ஆகியோரை அவை குறிக்கும். ஊரைப் பெயர்த்த காகிதமே அவ்வூர்க் குடிகளின் பட்டியலாகவும் நிற்கிறது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வந்த கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேடு இருக்கலாம். பழைய கணக்குப்பிள்ளையின் நினைவு அவரிடம் இராது. ஆகவே கணக்குப்பிள்ளை வீட்டு முதியோரைத் தனியே நாடவேண்டும்.

அரசு ஆவணங்களினும் பயன் மிக்கவை சில நம் வீடுகளிலேயே உண்டு. மொய் நோட்டு அவற்றுள் தலையாயது. யார் எந்த ஊர், என்ன உறவு என்பதை அது பணத்தோடு சேர்த்துச் சொல்லிவிடும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி தண்டிய நோட்டில் ஊரின் குடும்பத் தலைவர் அனைவரும் இருப்பர். பழைய கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் பெயர் மட்டுமன்றி, நான்கெல்லை கூறும் இடத்தில் அண்டை நிலத்தார் பெயரும் வரும். பெயரனுக்குப் பாட்டன் பெயரிடும் நம் வழக்கமும் ஒரு சான்று. ஒரு பெயர் குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருமாயின், இடையில் மறைந்த கண்ணியை ஊகிக்கலாம். ஊகத்தை ஊகம் என்றே எழுதிவைத்தல் நன்று.

கேட்கும் முறை

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதை வரலாறு காட்டுகிறது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காலின் மெக்கன்சி என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, காவலி சகோதரர் முதலிய உதவியாளர்களைத் தென்னாடெங்கும் அனுப்பிக் கைபீதுகளையும் வம்சாவளிகளையும் திரட்டினார். அச்செல்வம் நமக்குக் கிடைத்தது அவரால்தான். எனினும் பாளையக்காரர்கள் தந்த வம்சாவளிகள் பலவற்றில் நிலவுரிமைக் கோரிக்கையும் இழையோடுவதை ஆய்வாளர்கள் சுட்டுவர். அதிகாரி கேட்டால் வரலாறு மனுவாகிவிடுகிறது.

நம் ஊரில் இதன் மறுபுறத்தைக் காணலாம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து "இது எங்கள் பாட்டன் ஊர்" என்றவுடன், வீட்டார் மனத்தில் எழும் முதல் ஐயம் "பங்கு கேட்க வந்திருக்கிறாரோ?" என்பதே. பத்திரப் பெட்டி திறக்காது. பாட்டியும் வாய் திறவார். ஆகவே நிலத்தில் தமக்கு நாட்டமில்லை என்பதை முதலிலேயே, வீட்டின் மூத்தவரிடம், வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். சாதி பற்றியும், தனியே கப்பலேறிய பெண்கள் பற்றியும் பலர்முன் கேட்டல் ஆகாது. நூறாண்டு கழிந்தும் ஆறாத புண்கள் உண்டு. சொல்ல விரும்பாததை விட்டுவிடுவதும் உதவி கேட்பவரின் கடமை.

கேட்பதற்குமுன் தன்னால் இயன்றதைச் செய்திருக்க வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சைன அன்பர்களை நாடிக் கேட்டார் என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றால் அறிகிறோம். நூலோடு போராடிய பின்னரே சென்றார். விளங்காத இடத்தைச் சுட்டிக் கேட்டார். அதனால் அவர்களும் உவந்து சொன்னார்கள். எதையும் படியாமல் "சமணம் என்றால் என்ன?" எனக் கேட்டிருந்தால் அப்பதிப்பு பிறந்திராது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், உதவி கேட்கும் கடிதத்துக்கு ஓர் அமைப்பு புலப்படுகிறது. "எங்கள் முன்னோர் தென்னாற்காட்டிலிருந்து வந்தவர், விவரம் தெரிந்தால் எழுதுக" என்னும் கடிதத்துக்கு எவரும் விடை எழுத இயலாது. மாறாக, "இன்னார் மகன் இன்னார், இந்த ஆண்டு, இந்தக் கப்பல், இந்த எண், கிராமத்தின் பெயர் பட்டியலில் இவ்வாறு எழுதப்பட்டுள்ளது, படியை இணைத்துள்ளேன். இவை ஏட்டில் கண்டவை. அவருடைய தம்பி ஊரிலேயே தங்கினார் என்பது செவிவழிச் செய்தி. கடலூர், விருத்தாசலம் தாலுகாக்களில் இதே ஒலியுள்ள ஊர்களைப் பார்த்துவிட்டேன். நான் கேட்பது ஒன்றே: இவ்வெழுத்து உங்கள் ஊர்ப்பெயராக இருக்கக்கூடுமா?" என்று எழுதினால், அஞ்சல்காரர்கூட விடை சொல்லுவார். கண்டது, கேட்டது, தேடியது, வேண்டுவது ஆகிய நான்கும் பிரிந்து நிற்பதே அதன் வலிமை. இன்று கடிதத்துக்குப் பதில் கைப்பேசியில் படம் அனுப்புகிறோம். விரைவு கூடியதே தவிர, முறை மாறவில்லை.

விடை வந்தபின் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. கிடைத்ததை உதவியவருக்குத் திரும்பச் சொல்லுதல் வேண்டும். நம் முதியோரிடம் கதை கேட்டு எடுத்துப் போனோர் பலர். அது நூலாயிற்றா, வேறு கிளை கிடைத்ததா என்பதை மீண்டும் வந்து சொன்னோர் சிலரே. அடுத்து வருவோனுக்குத் திண்ணை கிடைப்பதும் கிடைக்காமையும் இதைப் பொறுத்தது.

வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம்

நம் வட்டத்தில் பல மாவட்டங்களிலிருந்து நெய்வேலிக்கு வந்தோரும், நெய்வேலியால் ஊர் பெயர்ந்தோரும் ஒன்றாக அமர்ந்து கவிதை படித்திருக்கிறோம். ஒவ்வோர் அன்பரும் இவ்வாண்டு தம் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் நான்கு கேள்விகளையேனும் கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறேன். தந்தையின் இயற்பெயர், தாய் பிறந்த ஊர், குலதெய்வம் இருக்கும் இடம், ஊரைவிட்டுப் போனவர் எவர் என்பன அவை. கப்பல் எழுத்தர் கேட்கத் தவறிய பத்திகளுள் சிலவற்றையேனும் நாம் நிரப்பலாம். காத்திருக்க நேரமில்லை என்பதை என் பாட்டி எனக்குக் கற்பித்துச் சென்றார்.

இனி, இக்கட்டுரையில் சொன்ன முறைப்படி நானே ஓர் உதவி கேட்கிறேன். நேட்டாலுக்குப் போன எங்கள் முன்னோரின் பெயரும், இடப்புருவத் தழும்பும் அறிவேன். இவை பாட்டி சொன்னவை. எங்கள் வீட்டுப் பத்திரங்களையும் கோயில் வரி நோட்டுகளையும் பார்த்துவிட்டேன். அவர்தம் தந்தை அவற்றில் இல்லை. முத்தாண்டிக்குப்பத்து நிலம் பற்றிய, 1920-க்கு முற்பட்ட பத்திரம் எவர் வீட்டிலேனும் இருப்பின், நான்கெல்லை கூறும் வரிகளை மட்டும் எனக்குப் படித்துக்காட்ட இயலுமா? அண்டை நிலத்தாருள் அவர் இருக்கக்கூடும். அந்நிலத்தின்மீது எனக்கு உரிமையோ நாட்டமோ இல்லை. பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்; நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிடினும், வரும் தைக்குப்பின் நடைபெறும் கூட்டத்தில் விடையை அறிவிப்பேன்.